விமானத்தின் வழியும் கடிகாரத்தின் கணக்கும்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் என்று மாணவன் ஒருவன் கேட்பானாயின், ஆசிரியர் என்ன விடை பகர்வார்? சுவரில் தொங்கும் தேசப்படத்தில் இவ்விரு நகரங்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அக்கோட்டின் வழியே ஒருவர் பறந்தால் அவர் ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர் கடக்க வேண்டும். பூகோள உருண்டையின்மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர்தான் வரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனமோ, நியூயார்க்கை ஒட்டிய நுவர்க் விமான நிலையத்திற்கு 2018-ஆம் ஆண்டில் தன் இடைநில்லாச் சேவையை மீண்டும் தொடங்கியபோது, பயண தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர் என அறிவித்தது. ஒரே கேள்விக்கு மூன்று விடைகள். ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேறுபாடு! இம்மூன்றும் எவ்வாறு உண்டாயின என்பதை விளக்கத் தெரிந்தால் பூகோளப் பாடத்தில் பாதியை நடத்தியதற்கு ஒப்பாகும்.

முதலில் தேசப்படத்தை எடுத்துக்கொள்வோம். நம் வகுப்பறைகளில் நெடுங்காலமாகத் தொங்கிவரும் உலகப் படங்கள் பல, 1569-ஆம் ஆண்டில் மெர்க்காட்டர் என்னும் பிளாண்டர்ஸ் நாட்டு அறிஞர் வகுத்த முறையைத் தழுவியவை. அவர் மாலுமிகளுக்காக அப்படத்தை வரைந்தார். அதில் கிழிக்கப்படும் நேர்கோடு ஒவ்வொன்றும் திசைகாட்டியில் மாறாத ஒரே திசையைக் குறிக்கும். கப்பலை ஒரே திசையில் செலுத்திக்கொண்டிருப்பவனுக்கு அதைவிட உதவியான படம் வேறில்லை. ஆனால் இந்த வசதிக்காக அவர் ஒரு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும்போது, துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பகுதிகள் பூதாகாரமாகப் பெருகிவிட்டன. அப்படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றுகிறது. உண்மையிலோ ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ பதினான்கு மடங்கு பெரியது.

அப்படத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கிற்கு மேற்கு நோக்கிக் கோடு கிழித்தால், அது இலங்கையின் மேலாகவும், அரபிக் கடலைக் கடந்து ஏமன் நாட்டின் மேலாகவும், சூடான், சகாராப் பாலைவனம் ஆகியவற்றின் மேலாகவும் சென்று, அட்லாண்டிக் மாகடலைக் குறுக்கே வெட்டும். பார்வைக்கு இதைவிட நேரான வழி இருக்க முடியாது. ஆயினும் இக்கோட்டைப் பூமத்தியரேகையின் அளவுத்திட்டப்படி அளவுகோலால் அளந்து பாருங்கள். 20,300 கிலோமீட்டருக்கும் மேல் வரும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆகவே, பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் இருக்கக்கூடிய மிகப் பெரிய தூரமே அதில் பாதியாகிய 20,000 கிலோமீட்டர்தான். அளவுகோல் அதையும் தாண்டிவிடுகிறது! தேசப்படத்தின்மீது அளவுகோலை வைத்துத் தூரம் காணும் பழக்கத்தைக் கைவிடச் செய்ய, மாணவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும். மேலே கூறிய 18,500 கிலோமீட்டர் என்பது, கோட்டின் ஒவ்வொரு பகுதியையும் அதனதன் அட்சரேகைக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்டபின் கிடைப்பது. அப்படித் திருத்தியும் அது மிகக் குறுகிய வழியைவிட 3,000 கிலோமீட்டருக்கும் அதிகம்.

இனிப் பூகோள உருண்டைக்கு வருவோம். உருண்டையின்மீது இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, அவ்விரண்டையும் தொட்டுப் பூமியைச் சரிபாதியாகப் பகுக்கும் வட்டத்தின்மீது அமையும். அதற்குப் பெருவட்டம் என்று பெயர். இதைக் காண உயர் கணிதம் வேண்டியதில்லை. ஒரு நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரின்மீதும் மறுமுனையை நியூயார்க்கின்மீதும் வைத்து இறுக்கினால், நூல் தானாகவே பெருவட்டத்தில் போய்ப் படியும். படிந்த நூல் எங்கே செல்கிறது என்று பார்க்கும் மாணவர் முதலில் திகைப்பர். அது மேற்கேயும் போகாது, கிழக்கேயும் போகாது. ஏறத்தாழ நேர் வடக்கே போகும்.

இதற்குக் காரணம் இவ்விரு நகரங்களின் இருப்பிடமே. சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகைக்கு அருகில் உள்ளது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகைக்கு அருகில் உள்ளது. இரண்டையும் கூட்டினால் 178 பாகை. முழு எதிர்ப்புறம் என்பதற்கு இரண்டே பாகை குறைவு. வீட்டின் முன்வாசலிலிருந்து நேர் பின்வாசலுக்குச் செல்ல விரும்பும் எறும்பு, சுவரைச் சுற்றி வருவதைவிடக் கூரையின்மேல் ஏறி இறங்குவது அருகாக இருக்கலாமன்றோ? அதுபோன்றே இதுவும். சிங்கப்பூர் வடக்கு அட்சரேகை 1 பாகைக்குச் சற்று மேலே உள்ளது. அங்கிருந்து வட துருவம் ஏறத்தாழ 89 பாகை தொலைவு. நியூயார்க் 41 பாகையை ஒட்டி உள்ளது. துருவத்திலிருந்து அங்கே இறங்க ஏறத்தாழ 49 பாகை. ஆகமொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 15,318 கிலோமீட்டர். இயந்திரங்கள் நுணுக்கமாகக் கணக்கிட்டுத் தரும் விடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சில பத்துக் கிலோமீட்டர் மட்டுமே. ஆறாம் வகுப்புப் பிள்ளை கரும்பலகையில் செய்யக்கூடிய கூட்டலும் பெருக்கலும் இவ்வளவு அருகே கொண்டுபோய் விடுகின்றன என்பது ஆசிரியர் மகிழத்தக்க செய்தி.

இந்த 111 எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடலாம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அறிஞர்கள் மீட்டர் என்னும் அளவை உண்டாக்கியபோது, வட துருவத்திலிருந்து பூமத்தியரேகை வரையுள்ள தூரத்தைக் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கை மீட்டர் என்றனர். ஆகவே அத்தூரம் 10,000 கிலோமீட்டர். அதை 90 பாகையால் வகுத்தால் 111 கிலோமீட்டரும் சொச்சமும். வானோடிகள் இன்றும் கையாளும் கடல் மைல், பாகையின் அறுபதில் ஒரு பங்காகிய ஒரு கலையின் நீளத்திலிருந்து பிறந்தது. ஆதலின் 138 பாகை என்றதும், அறுபதால் பெருக்கி 8,280 கடல் மைல் என்று அவர்கள் உடனே சொல்லிவிடுவர்.

நூல் காட்டும் வழி கம்போடியா, தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நாடுகளின் மேலாகச் சென்று, சீனா, மங்கோலியா, சைபீரியா ஆகியவற்றைக் கடந்து, வட துருவத்திற்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர் அருகில் வளைந்து, கிரீன்லாந்தின் வடமேற்கு மூலையையும் கனடாவின் பாஃபின் தீவையும் கியூபெக் மாநிலத்தையும் தாண்டி நியூயார்க்கை அடைகிறது. அட்லாண்டிக் மாகடலும் பசிபிக் மாகடலும் இவ்வழியில் குறுக்கிடுவதே இல்லை.

அங்ஙனமாயின் விமானங்கள் ஏன் இவ்வழியே செல்லவில்லை? சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் இடைநில்லா விமானம் பெரும்பாலும் வடகிழக்காகத் திரும்பிப் பசிபிக் மாகடலைக் கடக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அதிகமாகப் பறந்தும் அதுவே இலாபம் என்று கருதப்படுகிறது. காரணம் காற்று.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. எனவே விமானம் வானில் சும்மா நின்றாலே, கீழே பூமி சுழன்று நியூயார்க் தானாக வந்து சேருமே என்று சுறுசுறுப்பான மாணவன் கேட்பான். கேட்க வேண்டிய கேள்விதான். பூமத்தியரேகையில் நிலப்பரப்பு மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே விரைகிறது. ஆனால் நிலத்தோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. காற்றில் மிதக்கும் விமானமும் அவ்வாறே. ஓடும் இரயிலுக்குள் ஓர் ஈ பறப்பதைச் சுட்டிக் காட்டினால் மாணவனுக்கு விளங்கும். இரயில் போகும் திசையிலோ எதிர்த் திசையிலோ பறப்பதில் அந்த ஈக்கு வேற்றுமை இல்லை.

வேற்றுமை உண்டாக்குவது, காற்று நிலத்தைவிட விரைவாக ஓடுமிடங்களே. பூமத்தியரேகையில் சூடேறி உயர்ந்து துருவம் நோக்கிச் செல்லும் காற்று, புறப்பட்ட இடத்தின் கிழக்கு வேகத்தை உடன் கொண்டு செல்கிறது. வடக்கே செல்லச் செல்ல நிலத்தின் சுழற்சி வேகம் குறைகிறது. நியூயார்க்கின் அட்சரேகையில் அது மணிக்கு 1,270 கிலோமீட்டர் அளவே. எனவே அக்காற்று நிலத்தை முந்திக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. வெப்பமும் குளிரும் அடுத்தடுத்துச் சந்திக்கும் எல்லையில் இவ்வோட்டம் குறுகிய ஆறுபோல் திரண்டுவிடுகிறது. இதுவே ஜெட் காற்றோட்டம். தரையிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், விமானங்கள் பறக்கும் அதே மட்டத்தில், இது மணிக்கு 150 முதல் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது வழக்கம். குளிர்காலத்தில் சில வேளைகளில் 300 கிலோமீட்டரையும் மிஞ்சும்.

இதை முதலில் முறையாக அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்னும் ஜப்பானிய வானிலை அறிஞர். 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு அவற்றைத் தொலைநோக்கியால் தொடர்ந்து, தம் நாட்டின் வானில் உயரே கடுங்காற்று ஓடுவதைக் கண்டறிந்தார். உலகெங்கும் படிக்கட்டும் என்று கருதித் தம் அறிக்கையை 1926-ஆம் ஆண்டில் எஸ்பெராண்டோ என்னும் செயற்கைப் பொதுமொழியில் வெளியிட்டார். அம்மொழி படித்தோர் மிகச் சிலராகையால் அறிக்கை கவனிப்பாரற்றுப் போயிற்று. 1944-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பான்மீது குண்டு வீசச் சென்ற அமெரிக்க விமானிகள், தங்கள் விமானங்களை இக்காற்று அடித்துச் செல்வதைக் கண்டு வியந்த பின்னரே மேலை நாடுகள் இதை ஊன்றி ஆராயலாயின. அறிவைப் பரப்ப ஒரு மொழியைத் தேர்வு செய்வதில் இத்தனை நல்லெண்ணமும் இத்தனை நட்டமும் ஒருங்கே நேர்ந்த கதைகள் அரிது.

கணக்குப் பாடத்தில் படகும் ஆற்றோட்டமும் பற்றிய வினாக்கள் உண்டு. பழைய கணக்கு என்று சலித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, அப்படகையே விமானமாக்கிக் கொடுக்கலாம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்க. காற்றில்லாவிடில் 15,350 கிலோமீட்டரைக் கடக்க 17 மணி 3 நிமிடம். போகவர 34 மணி 7 நிமிடம். இப்போது மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசுவதாகக் கொள்வோம். காற்றோடு செல்கையில் வேகம் 1,000. ஆகும் காலம் 15 மணி 21 நிமிடம். காற்றை எதிர்த்து வருகையில் வேகம் 800. ஆகும் காலம் 19 மணி 11 நிமிடம். மொத்தம் 34 மணி 32 நிமிடம். போகும்போது பெற்றது வரும்போது இழந்ததோடு சரியாகிவிடும் என்றுதான் வகுப்பில் பெரும்பாலோர் சொல்வர். ஆனால் 25 நிமிடம் நட்டமாகிறது. எதிர்க்காற்றில் இருக்கும் நேரம் அதிகம். ஆதலின் அதன் தீமையும் அதிகம்.

இதனால்தான் பறப்பு வழியை வகுப்போர் தூரத்தைக் குறைக்க முயல்வதில்லை. நேரத்தையும் எரிபொருளையும் குறைக்கவே முயல்கின்றனர். போகும்போது பசிபிக் வழியே காற்றோடு கிழக்கே செல்லும் விமானம், திரும்பும்போது எதிர்க்காற்றைத் தவிர்க்க வேறு வழியை நாடுகிறது. நியூயார்க்கிலிருந்து மீண்டும் கிழக்காகவே அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாகச் சிங்கப்பூர் வந்து சேரும் நாள்களும் உண்டு. அத்தகைய நாளில், போய்த் திரும்பிய பயணி தம்மை அறியாமலே உலகை ஒரு முறை வலம் வந்தவராகிறார்! வழி அன்றாடம் காற்றுக்கேற்ப வகுக்கப்படுவதால், நேற்று சென்ற விமானத்தின் வழியே இன்றைய விமானமும் செல்லும் என்பதற்கில்லை.

எரிபொருளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இச்சேவை முதன்முதலில் 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நான்கு எஞ்சின்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தோடு தொடங்கிற்று. எரிபொருள் விலை உயர்ந்து கட்டுப்படியாகாமற் போகவே 2013 நவம்பரில் நிறுத்தப்பட்டது. இரண்டே எஞ்சின்கள் கொண்ட ஏ350-900 விமானத்தின் நெடுந்தொலைவு வகை வந்த பிறகு 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கிற்று. கென்னடி விமான நிலையத்திற்கான சேவை 2020 நவம்பரில் தொடங்கியது. இவ்விமானத்தின் தொட்டிகள் 1,65,000 லிட்டர் கொள்ளும். அவை நிறைந்திருந்தால் எரிபொருளின் எடை மட்டும் ஏறத்தாழ 130 டன். விமானம் தரையைவிட்டு எழும்போது இருக்கக்கூடிய உச்ச எடையோ 280 டன். ஏறக்குறையப் பாதி எடை எரிபொருளே. முதல் சில மணி நேரம் எரிவதில் ஒரு பங்கு, கடைசி மணிகளில் எரியப்போவதைச் சுமப்பதற்கே செலவாகிறது. அதனால்தான் அதில் 161 இருக்கைகள் மட்டுமே வைத்தனர். சாதாரண வகுப்பே இல்லை. தோட்டத்துக் கூலிக்குடும்பத்தில் பிறந்து படித்து முன்னேறிய பிள்ளை அமெரிக்கா செல்ல நேர்ந்தால், இடையே ஓரிடத்தில் இறங்கி வேறு விமானம் ஏறிச் செல்வதே அவனுக்குக் கட்டுப்படியாகும்.

காற்றையும் எரிபொருளையும் தவிர அரசியலும் வழியை வளைக்கும். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உக்ரேனில் போர் மூண்டதும், ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் ஒருவர் விமானம் மற்றவர் வானில் நுழையாதபடி தடுத்தனர். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். அதற்கு முன்னர் சைபீரியாவின் மேலாக ஒன்பதரை மணி நேர அளவில் முடிந்த அப்பயணம், பின்னர் பதின்மூன்று மணி நேர அளவுக்கு நீண்டது. செல்லும் விமானங்கள் வட துருவத்தின் மேலாகச் சுற்றிச் சென்றன. நகரங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்க, பயண நேரம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிற்று.

இறுதியாகக் கடிகாரத்தைக் கவனிப்போம். பெற்றோர் விமான நிலையத்தில் தவறான நாளில் காத்து நிற்பதும், வேளை தவறாமல் மருந்து உண்ணவேண்டியவர் தடுமாறுவதும் இதனால் நிகழ்வன. கென்னடி நிலையத்திற்குச் சேவை தொடங்கிய 2020 நவம்பரில் வெளியிட்ட அட்டவணைப்படி, விமானம் சிங்கப்பூரில் அதிகாலை 2.25-க்குப் புறப்பட்டு நியூயார்க்கில் அதே தேதியில் காலை 7.30-க்குச் சேரும். கடிகாரங்களை மட்டும் பார்த்தால் ஐந்து மணி ஐந்து நிமிடப் பயணம்! திரும்பும் விமானம் இரவு 10.30-க்குப் புறப்பட்டு, ஒரு நாள் விட்டு மறுநாள் காலை 6.10-க்குச் சாங்கியில் இறங்கும். கடிகாரக் கணக்கில் 31 மணி 40 நிமிடம்.

இரண்டும் மெய்யான பயண நேரம் அல்ல. ஆயினும் இரண்டையும் கூட்டினால் 36 மணி 45 நிமிடம் வருகிறது; இது மெய். போகும்போது கடிகாரம் மறைத்த பதின்மூன்று மணி நேரத்தை வரும்போது திருப்பிச் சேர்த்துவிடுவதால், கூட்டுத்தொகையில் நேர வேறுபாடு அழிந்துவிடுகிறது. பாதியாக்கினால் ஒரு வழிக்குச் சராசரியாக 18 மணி 22 நிமிடத்திற்குச் சற்று மேல். இரு நகரங்களின் நேர வேறுபாடு தெரியாதபோதும், போகவர உள்ள அட்டவணை கையிலிருந்தால் சராசரிப் பயண நேரத்தைக் கண்டுவிடலாம். வேறுபாடு 13 மணி என்பதும் தெரிந்தால், போவதற்கு 18 மணி 5 நிமிடம், வருவதற்கு 18 மணி 40 நிமிடம் என்று தனித்தனியே பிரிக்கலாம். இடையிலுள்ள 35 நிமிடம் பெரும்பாலும் காற்றின் கைவரிசை.

பதின்மூன்று என்னும் இந்த எண்ணும் சூரியன் தந்ததன்று. பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. 178 பாகையை 15-ஆல் வகுத்தால் 12 மணிக்கும் சிறிது குறைவே வரும். எஞ்சிய ஒரு மணி நேரம் மனிதர் சேர்த்தது. சிங்கப்பூரின் தீர்க்கரேகைப்படி நமது கடிகாரம் கிரீன்விச் நேரத்திற்கு ஏழு மணி நேரமே முந்தியிருக்க வேண்டும். தீபகற்ப மலேசியா, சபா சரவாக்கோடு ஒரே நேரத்தைப் பின்பற்றுவதற்காக 1982 ஜனவரி முதல் நாளில் தன் கடிகாரத்தை அரை மணி முன் தள்ளி எட்டு மணி நேரமாக்கிக்கொண்டது. சிங்கப்பூரும் உடன் சென்றது. அதற்கு முன் ஏழரை மணியாக இருந்ததை வயது முதிர்ந்த ஆசிரியர்கள் நினைவுகூர்வர். அமெரிக்கரோ கோடையில் தம் கடிகாரத்தை ஒரு மணி முன் தள்ளுவர். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வேறுபாடு 12 மணியாகிவிடும்.

ஆகவே, மகன் திங்கட்கிழமை இரவு நியூயார்க்கில் விமானம் ஏறுகிறான் என்று கேள்விப்படும் தாய், அவன் ஏறும் அந்தக் கணத்தில் தன் வீட்டில் செவ்வாய் முற்பகல் என்பதை முதலில் அறிய வேண்டும். அதன்மேல் பதினெட்டு மணி நேரத்தைக் கூட்டினால் புதன்கிழமை அதிகாலையாகும். அட்டவணைகளில் சேரும் நேரத்தின் அருகே கூட்டற்குறியோடு சிறிதாக அச்சிடப்படும் 2 என்னும் எண் இதையே குறிக்கிறது. மருந்து உண்பவர் கைக்கடிகாரத்தைப் புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே விட்டுவைத்து, கழிந்த மணிகளை எண்ணிக்கொண்டு, வேளைகளை எவ்வாறு மாற்றுவதென்று புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம்.